தொலெடோவின் மொழிபெயர்ப்புப் பணி: மும்மத ஒத்துழைப்பின் சமூக அடிப்படை

இடைக்கால ஸ்பெயினிலே கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் யூதரும் கூடிவாழ்ந்தமை குறித்து நேரெதிரான இரு நோக்குகள் உள்ளன. ஸ்பானியப் பண்பாடு இம்மூன்று சமூகங்களின் கூட்டுவாழ்விலே உருவானதென 1948இல் அமெரிக்கோ காஸ்த்ரோ வாதிட்டார். சான்செஸ் அல்போர்னோஸ் 1956இல் அதனைக் கடுமையாக மறுத்தார். ஒத்துழைப்பை வெறும் மனப்பான்மையின் விளைவாகக் கொள்வோமாயின், அதன் தோற்றத்தையோ மறைவையோ நம்மால் விளக்க முடியாது. ஆகவே, அது நிகழ்ந்த தொழிற்களம் ஒன்றினை எடுத்துநோக்குவோம்.

1085இல் ஆறாம் அல்போன்ஸோ தொலெடோவைக் கைப்பற்றினான். ஆட்சி மாறியபோதும் அரபுமொழி உடனடியாக மறையவில்லை. அந்நகரக் கிறிஸ்தவருட் பலர் அரபு பேசியோர். அவர்களது நில ஆவணங்கள் 13ஆம் நூற்றாண்டிலும் அரபிலேயே எழுதப்பட்டன. மறுபுறம், வளர்ந்துவந்த ஐரோப்பிய நகரங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் மருத்துவமும் வானியலும் தருக்கமும் தேவைப்பட்டன. அவ்வறிவு அரபு நூல்களில் இருந்தது. தேவையும் மொழியாற்றலும் ஓரிடத்திற் சந்தித்தமையே ஒத்துழைப்பின் தோற்றுவாய் எனலாம்.

இபுனு சீனாவின் ஆன்மா பற்றிய நூல் மொழிபெயர்க்கப்பட்ட முறை இதற்குத் தக்க சான்றாகும். அவெந்தவுத் என்னும் யூத அறிஞர் அரபுச் சொற்களை ஒவ்வொன்றாக மக்களின் பேச்சுமொழியிற் கூற, தொமினிக்குஸ் என்னும் கிறிஸ்தவக் குரு அவற்றை இலத்தீனில் எழுதினார். முஸ்லிம் சிந்தனையாளரின் நூல் யூதரின் வாய்வழியாகக் கிறிஸ்தவரின் எழுதுகோலை அடைந்தது. இருவரையும் இணைத்த பாலம், புலமையுலகம் பொருட்படுத்தாத பாமரர் மொழியே என்பது மனங்கொள்ளத்தக்கது. தொலமியின் வானியல் நூலை 1175இல் இலத்தீனாக்கிய கிரெமோனாவின் ஜெரார்டு பெரும்புகழ் எய்தினார். அவருக்குத் துணைநின்ற காலிப் என்ற அரபுக் கிறிஸ்தவரையோ, ஆங்கிலேய மாணவர் ஒருவரின் குறிப்பாலேயே நாம் அறிகின்றோம். கூட்டுழைப்பிலே பிறந்த நூலுக்குத் தனியொருவர் பெயரே நிலைத்தது.

எனினும், அக்காலத்தைப் பொற்காலமாகக் காண்பதும் தவறாகும். முஸ்லிம் ஆட்சியிலே ஏனைய இரு சமயத்தவரும் தனிவரி செலுத்தினர். 1066இல் கிரனடாவில் யூதர் பலர் கொல்லப்பட்டனர். 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹாத் ஆட்சியின் கெடுபிடியால் மைமோனிதஸின் குடும்பம் கொர்தோபாவை விட்டகன்றது. கிறிஸ்தவ ஆட்சியும் இதற்கு விலக்கன்று. பத்தாம் அல்போன்ஸோவின் காலத்தில் (1252–1284) வானியல் அட்டவணைகளைத் தயாரித்தோர் யெஹுதா பென் மோஷே, ஈசாக் இபுனு சித் ஆகிய யூத அறிஞர்களே. அதே மன்னனின் சட்டத்தொகுதி, யூதர் தம்மை வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் அணியவேண்டுமென விதித்தது. அறிவு வேண்டப்பட்டது, அறிவுடையோருக்குச் சமவுரிமை மறுக்கப்பட்டது.

இம்முரண்பாட்டின் விளைவுகள் பின்னர் வெளிப்பட்டன. 1391இல் யூதர் மீது பெருந்தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1492இல் அவர்கள் நாடுகடத்தப்பட்டனர். கட்டாயமாக மதம்மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களும் 1609–1614 காலப்பகுதியில் வெளியேற்றப்பட்டனர்.

ஆள்வோரின் தேவையை மட்டுமே நம்பிய ஒத்துழைப்பு, அத்தேவை நீங்கியபோது காப்பற்றுப் போயிற்று. சகிப்புத்தன்மை மேலிருந்து அளிக்கப்படுவது. அளித்தவனே அதனை மீளப்பெறவும் கூடும். மதங்களிடையே புரிந்துணர்வை வேண்டுவோர் சமவுரிமையையும் உடன் வேண்டுதல் அவசியமாகும். தொலெடோவின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.