காப்பை விற்று வாங்கலாமா, கணனியின் பழைய மூளையை?



"உம்மா, காப்பை விற்றுத் தாங்க. பழைய கணனிப் புரோசசர்கள் ஒரு பெட்டி விலைக்கு வருகுது. பத்து வருடத்தில் பொன் விலை போகும்" என்று உங்கள் மகன் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? என் தங்கை திகைத்துப்போய், "காக்கா, நீங்களே அவனோடு கதைங்க" என்றாள்.

மருமகனை அழைத்துக்கொண்டு, குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனேன். அங்கே என் நண்பரான கணித ஆசிரியர், பழுதான கணனிகளில் கழற்றிய புரோசசர்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார்.

புரோசசர்தான் கணனியின் மூளை. 1971இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 4004, தனிச் சில்லாகக் கடைக்கு வந்த முதல் புரோசசர் எனப் போற்றப்படுகிறது. ஜப்பானின் பிசிகொம் நிறுவனத்துக் கணக்கிடும் இயந்திரத்துக்காக உருவான அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1993இல் வந்த பென்டியத்திலோ 31 இலட்சம்!

வெள்ளைப் பீங்கான் உறையும் பொன்முலாம் பூசிய கால்களும் கொண்ட ஆரம்பகால 4004ஐச் சேகரிப்போர் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது முதலாவது, கிடைப்பதும் அரிது. ஆனால் 1989இல் வந்த 486உம், பென்டியமும் பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. பழையது என்பதற்காக மட்டும் ஒரு பொருளுக்கு விலை ஏறிவிடாது. கால் வளைந்தாலோ, எழுத்து அழிந்தாலோ இருக்கும் மதிப்பும் குறையும்.

இதில் மோசடியும் உண்டு. மேலேயுள்ள எழுத்தைச் சுரண்டி, வேகம் கூடியதாக வேறு இலக்கம் பொறித்து விற்றவர்கள் இருந்தார்கள். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததுதானே! குறையைச் சொல்லி விற்பதே ஹலாலான வியாபாரம்.

"உள்ளே தங்கம் இருக்காமே, மாமா?" என்றான் மருமகன். இருக்கிறது, ஒரு சில்லில் மிகச் சொற்பம். அதைப் பிரிக்க வீட்டில் அமிலம் ஊற்றினால் எழும் நச்சுப் புகை நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகள் நடமாடும் குசினியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

நண்பர் சிரித்தார்: "மௌலவி, இத நான் விற்க வெச்சிரிக்கல்ல. பிள்ளைகளுக்குக் காட்டிப் படிப்பிக்கத்தான் வெச்சிரிக்கன்."

சகோதரியே, பிள்ளையின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். வீசப்படும் கணனியிலிருந்து கழற்றிச் சேர்க்கட்டும். சாதாரண ரெஜிபோமில் குத்தி வைத்தால் நிலைமின்சாரம் சில்லைப் பழுதாக்கும். வாவிக் காற்றின் ஈரமும் ஆகாது. எந்த ஆண்டு, எந்தக் கணனியில் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். விற்கும் எண்ணத்தோடு வாங்கினால் அது வியாபாரப் பொருள். ஸகாத்துக் கணக்கிலும் சேரும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் நாளை என்ன விலை போகும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாத பொருளை நம்பி, குடும்பத்தின் ஆபத்துக்கு உதவும் காப்பைக் கழற்றாதீர்கள்.

இன்று மருமகனிடம் பதினொரு சில்லுகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் காசு கொடுக்கவில்லை. தங்கையின் காப்பு அவள் கையிலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்!