வீட்டு மின்சாரம் – 6: சுற்றுதோறும் ஓர் அளவு

கூடங்குளம் அணுமின் நிலையமும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பிப் பணகுடி முதல் முப்பந்தல் வரை நிற்கும் காற்றாலைகளும் சூழ்ந்த வள்ளியூரில், உற்பத்தியாகும் மின்சாரம் நிலையத்திலிருந்து வெளியேறும்போதே அளக்கப்பட்டுவிடுகிறது. வீடுகளுக்கோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் ஒரே மீட்டர்தான் அளவுகோல். மொத்தம் எத்தனை யூனிட் என்று சொல்லும் அந்த மீட்டர், செலவு மோட்டாரிலா ஏ.சி.யிலா என்பதைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் கட்டண முறையில் இந்த அறியாமைக்கு விலை உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. ஒரு கிலோவாட் இழுக்கும் தண்ணீர் மோட்டார், குழாய்க் கசிவால் நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால், 60 நாளில் 60 யூனிட் சேரும்; 460 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய வீடு 520-ஐ எட்டிவிடும்.

இதைக் காட்டிக்கொடுப்பது சுற்றுவாரி மின் கண்காணிப்புக் கருவி. டி.பி. பெட்டியில், அதாவது வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில், ஒவ்வொரு எம்.சி.பி.யிலிருந்தும் புறப்படும் ஃபேஸ் வயரைச் சுற்றி 'சி.டி.' எனப்படும் மின்னோட்ட மாற்றி வளையம் மாட்டப்படுகிறது. வயரை வெட்டாமலே, அதில் ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமான சிறு மின்னோட்டத்தை அது கருவிக்கு அனுப்புகிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே வளையத்துக்குள் விட்டால், எதிரெதிராக ஓடும் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிட, அளவு பூஜ்யமாகிவிடும்.

எல்லாச் சுற்றுகளையும் அளக்க வேண்டியதில்லை. மெயின், மோட்டார், ஏ.சி., கீசர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை அளந்தாலே பெரும்பகுதி தெளிந்துவிடும். வளையத்தின் திறன் சுற்றுக்கு ஏற்றதாக இருப்பதும் முக்கியம். 100 ஆம்பியர் வளையத்தை 6 ஆம்பியர் விளக்குச் சுற்றில் மாட்டினால், குறைந்த மின்னோட்டத்தில் பிழை பெருகும்.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. மின்சக்தியைக் கணக்கிட மின்னோட்டத்தோடு மின்னழுத்தமும் வேண்டும். மூன்று ஃபேஸ்களும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகியிருப்பதால், 'பி' ஃபேஸில் ஓடும் 2000 வாட் கீசரை 'ஆர்' ஃபேஸின் மின்னழுத்தத்தோடு பெருக்கும் கருவி, கழித்தல் 1000 வாட் என்று காட்டும். வளையத்தைத் திருப்பி மாட்டினால் கழித்தல் குறி மறையும். பாதி அளவு என்ற பிழை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும்.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு முந்தைய வயரில் மின்சாரம் இருக்கும் என்பதால், இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும். மின்னோட்ட வெளியீடு உள்ள வளையத்தைக் கருவியோடு இணைக்காமல் ஓடும் வயரில் மாட்டினால், அதன் முனைகளில் ஆபத்தான மின்னழுத்தம் எழக்கூடும்.

பொருத்திய பின், மெயின் வளையம் காட்டும் ஒரு வாரக் கணக்கையும் மின்வாரிய மீட்டரின் கணக்கையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒத்துவந்தால்தான் மற்றச் சுற்றுகளின் எண்களை நம்பிச் சிக்கனத்தைத் தொடங்க முடியும்.

(தொடரும்)