மேமோகிராமில் யாருடைய கணக்கு?

எக்ஸ்ரே அறை ஊழியரின் சட்டையில் ஒரு சிறு பேட்ஜ் குத்தியிருக்கும். அதற்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியவை. அவற்றைச் சூடாக்கி, உமிழும் ஒளியை அளந்தால், அவர் வாங்கிய கதிர்வீச்சு தெரிந்துவிடும். சிக்கல் என்ற ஊரிலிருந்து பேருந்து ஏறி மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்க வரும் பெண்ணுக்கு அப்படி எதுவும் மாட்டுவதில்லை. மாட்டினாலும் போதாது. தெரிய வேண்டியது தோலில் விழுந்த அளவு அல்ல, உள்ளே பால் சுரப்பித் திசு உறிஞ்சிய அளவு. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். அதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1990இல் பிரிட்டனின் மருத்துவ இயற்பியலாளர் டேவிட் டான்ஸ் ஒரு வழி சொன்னார். படம் எடுப்பதற்காக அழுத்திய மார்பகத்தை அரை உருளையாக வைத்துக்கொண்டார். வெளியே 5 மில்லிமீட்டர் கொழுப்பு. உள்ளே கொழுப்பும் சுரப்பியும் பாதிக்குப் பாதி, பிசைந்த மாவுபோல் சீராக. கணினியில் ஏராளமான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அதற்குள் ஓடவிட்டு, எது எங்கே சிதறுகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்த்தார். மாண்டி கார்லோ முறை இது. அதில் கிடைத்த காரணிகளால் கதிரின் அளவைப் பெருக்கினால் விடை, உறிஞ்சிய கதிரின் அலகான மில்லிகிரேயில் வரும். வயதுக்கேற்ற திருத்தங்கள் பிறகு சேர்ந்தன.

ஆனால் அந்த விடை ஒரு மாதிரி மார்பகத்தினுடையது. எந்தப் பெண்ணின் சுரப்பியும் அப்படிச் சீராகப் பரவியிருப்பதில்லை. மேமோகிராமின் கதிர் மென்மையானது; பெரும்பகுதி மேல் அடுக்குகளிலேயே அடங்கிவிடும். அதனால் ஒரே தடிமன், ஒரே அளவு சுரப்பி உள்ள இருவரில்கூட, கதிர் நுழையும் பக்கம் சுரப்பி திரண்டிருப்பவர் அதிகம் வாங்குவார். ஆழத்தில் இருப்பவர் குறைவாக வாங்குவார். கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மார்பக சிடி படங்களைக் கொண்டு உண்மையான பரவலை வைத்துக் கணக்கிட்டு 2015இல் வெளியிட்டபோது, அளவு சராசரியாக 30 சதவீதம் குறைந்தது! இத்தனை காலம் நாம் கூடுதலாகவே சொல்லிவந்திருக்கிறோம். 2024இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ இயற்பியலாளர் அமைப்புகள் இந்தப் பரவலையும், தோலின் உண்மையான மெல்லிய தடிமனையும் சேர்த்துப் புதிய கணக்கு முறையை வகுத்தன.

அதுவும் சராசரிதான். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டுமென்றால் அவருடைய படத்திலிருந்தே சுரப்பியின் அளவையும் இடத்தையும் ஊகிக்க வேண்டும். தட்டையான படத்தில் ஆழம் தெரியாது, சிக்கலே அதுதான். நம் மருத்துவ இயற்பியல் துறைகள் நம் பெண்களின் படங்களைக் கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

படம் எடுக்க மார்பகத்தை அழுத்தும்போது வலிக்கும். ஆனால் தடிமன் குறைந்தால் கதிரும் குறையும், படமும் தெளியும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மேமோகிராமைக் கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். போகும்போது பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.