நீரிழிவும் பழக்கூடையும்

விநாயக சதுர்த்திக்கு முந்தைய நாளில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடப்போர், குவிந்து கிடக்கும் நாவற்பழத்தையும் விளாம்பழத்தையும் காணாமற் போக முடியாது. நம்மோடு அங்கு வந்திருந்த நெசவாளர் ஒருவர், பிள்ளையாருக்கென்று அரைக்கிலோ நாவற்பழம் வாங்கினாரேயன்றித் தாம் ஒன்றையும் வாயிலிடவில்லை. நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். அன்று முதல் பழத்தையே விலக்கிவிட்டார். பகலில் எவ்வளவு சோறு உண்கிறீர்கள் என்று கேட்டோம். "அது வழக்கம்போலத்தான் ஐயா" என்றார்.

அங்கத்தினர் பலரிடம் நாம் காணும் பிழை இதுவே. சோற்றிலுள்ள மாவுச்சத்தும் வயிற்றில் சர்க்கரையாகவே மாறுகிறது. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம்; அதே எடைக் கொய்யாவிலோ மாவும் சர்க்கரையுமாகச் சுமார் 14 கிராம்தான். அதில் ஏறத்தாழ 5 கிராம் நார்ச்சத்து. சர்க்கரை இரத்தத்தில் மெல்லக் கலக்க அது உதவும். தட்டு நிறையச் சோறுண்டு கொய்யாவுக்கு அஞ்சுவது என்ன கணக்கோ!

சீன நாட்டில் சுமார் 5 லட்சம் பேரைப் பல்லாண்டுகள் கவனித்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீரிழிவுள்ளவர்களில், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் பழம் உண்டவர்களிடையே மரணம் குறைவாகவே இருந்தது. பழமே காரணம் என்று இதனால் முடிவாகிவிடாது. ஆயினும் பழத்தை அறவே ஒதுக்க நியாயமில்லை என்பது விளங்கும்.

சாறு வேறு விஷயம். தியாகராய நகரில் ஜவுளி எடுத்துக் களைத்தவர்கள் சாத்துக்குடிச் சாறு கேட்கிறார்கள். மூன்று பழங்களின் இனிப்பு ஒரு கோப்பையில் இறங்குகிறது; சக்கை குப்பைக்குப் போகிறது; போதாதென்று சர்க்கரையும் சேர்கிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி நடுக்கமும் வியர்வையும் காணும் வேளையில் அதே சாறு அரைக் கோப்பை, உயிர் காக்கும் மருந்தாகும். மற்ற வேளைகளில் பழத்தை மென்றே உண்க.

மாம்பழம் கூடாதா என்று தோப்புக்காரர்கள் நம்மைக் கோபிக்க வேண்டாம். சிறு மாம்பழத்தில் பாதி, அல்லது சிறு வாழைப்பழம் ஒன்று; இதுவே ஒரு வேளைக்கு அளவு. விருந்துண்டு எழுந்தவுடன் அதன்மேல் பழம் உண்ணும் வழக்கத்தை விட்டு, முற்பகலில் தனியே உண்பது நலம். உணவோடு உண்பதானால் அதற்கீடாகச் சோற்றைக் குறைக்க வேண்டும். நாவற்கொட்டைப் பொடியை நம்பி வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துவோரும் உளர்; இது பெருந்தீங்கு. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் வைத்தியரைக் கேளாமல் எந்தப் பழத்தையும் கூட்டக் கூடாது.

சதுர்த்தியன்று அந்த நெசவாளர் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பத்து நாவற்பழம் உண்டார். கொழுக்கட்டை எத்தனை என்று நாம் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் சோதித்தபோது 164 காட்டிற்று. 180-க்கு மிகாதிருக்க வேண்டும் என்பது அவருடைய வைத்தியர் சொன்ன வரம்பு. மறுநாள் கொய்யா வாங்கினாராம்.