கிருமி விட்டுச் செல்லும் எழுத்துப் பிழைகள்

மாணவர்களே, நோய் தீர்க்கும் இடம் மருத்துவமனை. ஆனால் அங்கு வந்த பிறகு புதிதாக ஒரு நோயைப் பெறுபவர்களும் உண்டு. உடல் நலிந்தவர்கள் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் இடத்தில் கிருமிகள் எளிதில் பரவும். கிருமி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று தெரிந்தால்தான் அதன் வழியை அடைக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத கிருமியின் தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்னும் ஊரில் அந்நாட்டு அரசின் தேசிய உடல்நலக் கழகம் நடத்தும் ஆராய்ச்சி மருத்துவமனை உள்ளது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண் நோயாளி அங்கு மாற்றப்பட்டார். அவர் உடலில் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா இருந்தது. இந்தப் பாக்டீரியா பலருடைய குடலில் தொல்லை எதுவும் தராமல் வாழ்வதுண்டு. நலிந்தவர்களின் நுரையீரலையோ இரத்தத்தையோ அடைந்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவரிடம் இருந்த வகையோ இன்னும் கொடியது. கார்பாபினெம் என்ற வலிமை மிக்க மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதியை அது உண்டாக்கியது. அதை எதிர்க்க மருத்துவர்களிடம் மிஞ்சிய மருந்துகள் மிகச் சிலவே.

மருத்துவமனை விழிப்புடன்தான் இருந்தது. அவரைத் தனிமைப்படுத்தினார்கள். அருகில் செல்பவர்கள் மேலங்கியும் கையுறையும் அணிந்தார்கள். ஜூலை மாதத்தில் அவர் அங்கிருந்து அனுப்பப்பட்டார். வேறு எவருக்கும் கிருமி பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று வாரங்கள் கழித்து, ஆகஸ்டில், இன்னொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி காணப்பட்டது. பிறகு மற்றொருவர், அதன்பின் இன்னொருவர் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

முதல் நோயாளியின் கிருமிதான் பரவுகிறதா? அல்லது வெளியிலிருந்து புதிதாக வந்த கிருமியா? முதலாவது என்றால் மருத்துவமனைக்குள்ளேயே எங்கோ ஓட்டை இருக்கிறது. இரண்டாவது என்றால் வாசலிலேயே தடுக்க வேண்டும். பழைய சோதனைகளால் இதற்கு விடை கூற முடியவில்லை. மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை அப்போது அமெரிக்கா முழுவதும் ஒரே கிளையைச் சேர்ந்தவையாக இருந்தன. ஆகவே அச்சோதனைகளில் எல்லாம் ஒன்று போலவே தோன்றும்.

இனி, புதிய முறை எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பழங்காலத்தில் நூல்களை ஓலையில் பார்த்துப் பார்த்து எழுதினார்கள் அல்லவா? எழுதும்போது ஓரிரு எழுத்துகள் பிழையாகிவிடும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுபவர் பழைய பிழையையும் சேர்த்தே எழுதுவார்; தம் பங்குக்குப் புதிய பிழை ஒன்றையும் செய்வார். இரண்டு சுவடிகளில் ஒரே அரிய பிழை காணப்பட்டால், இரண்டும் ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம்.

பாக்டீரியாவும் அப்படித்தான். அதன் டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட ஏடு. கிளெப்சியெல்லாவின் ஏட்டில் சுமார் 60 லட்சம் எழுத்துகள் உள்ளன. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்த ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்த மாற்றம் வழிவழியாகத் தொடரும்.

ஏட்டை முழுவதும் படிப்பதையே மரபுத்தொகுதி வரிசையறிதல் என்கிறோம். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் எழுத்துகளையும் கருவி படிக்கும். ஒன்றின் முனையும் மற்றொன்றின் முனையும் ஒத்துப்போகும் இடங்களைப் பார்த்துக் கணிப்பொறி அவற்றைக் கோத்துவிடும்.

ஜூலி செக்ரி, ஈவான் ஸ்னிட்கின், டாரா பால்மோர் ஆகியோர் அடங்கிய குழு, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை இவ்வாறு படித்துப் பார்த்தது. எல்லாக் கிருமிகளையும் ஒப்பிட்டபோது, 60 லட்சம் எழுத்துகளில் மாறியிருந்த இடங்கள் 41 மட்டுமே! ஐயமே இல்லை, முதல் நோயாளியின் கிருமிதான் பரவியிருந்தது. அதுவும் ஒரு முறை அன்று, தனித்தனியே மூன்று முறை அவரிடமிருந்து பிறருக்குச் சென்றிருந்தது. அப்படியானால் இடைப்பட்ட மூன்று வாரங்களும் அது எவரும் அறியாமல் அதே கட்டடத்தில் இருந்திருக்கிறது!

எழுத்துகள் மட்டும் போதா. யார், எந்த நாளில், எந்தப் பிரிவில் இருந்தார் என்ற பதிவேட்டையும் குழுவினர் சேர்த்துப் பார்த்தார்கள். நோயின் அறிகுறி இல்லாமலே கிருமியைச் சுமப்பவர்கள் இருப்பது தெளிவாயிற்று. ஆகவே நலமாகத் தோன்றிய நோயாளிகளையும் சோதித்தார்கள். கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களிலும், தூய்மை செய்து வைத்திருந்த ஒரு செயற்கைச் சுவாசக் கருவியிலும்கூடக் கிருமி இருந்தது. கிருமி உள்ளவர்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பினார்கள். அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்தினார்கள். ஊழியர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆட்களை நியமித்தார்கள். 2011 முடிவதற்குள் பரவல் அடங்கியது.

ஆனால் அதற்குள் 18 பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது. அவர்களில் 11 பேர் இறந்தனர். ஆறு பேரின் இறப்புக்கு இந்தத் தொற்றே காரணம் என முடிவு செய்யப்பட்டது. 2012இல் மேலும் ஒருவருக்கு அது தொற்றியது. எழுத்துகளைப் படிப்பதால் கிருமி சாவதில்லை. எங்கே தேட வேண்டும் என்று அது காட்டுகிறது. தடுப்பது சோப்பும் நீரும் கவனமுள்ள கைகளும்தான்.

செய்து பாருங்கள்: பொருளற்ற 100 எழுத்துகளை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் அதைப் பார்த்து எழுதி, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இருவருக்குக் கொடுக்கட்டும். அவர்களும் அவ்வாறே செய்யட்டும். பத்துத் தாள்கள் சேர்ந்ததும் கலைத்து, எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று மாற்றங்களைக் கொண்டே ஒரு மரமாக வரையுங்கள். பெதஸ்டாவில் நடந்த ஆராய்ச்சியின் அடிப்படை உங்களுக்கு விளங்கிவிடும்.