சர்வர் சந்தா முடிஞ்சிடுச்சா? சத்தமே இல்லாமல் வரும் சிக்கல்!

ஓ.டி.டி சந்தா முடிந்தால் படம் ஓடாது, உடனே தெரிந்துவிடும். அலுவலக சர்வரில் இருக்கும் ரெட் ஹேட் லினக்ஸ் அப்படியில்லை. சந்தா காலாவதியானாலும் வழக்கம்போல ஓடிக்கொண்டேயிருக்கும். பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் நின்றுபோகும். ஒயிட் டவுன் ஹோட்டலின் புக்கிங், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை கம்பெனியின் கணக்கு என எல்லாம் இப்படியொரு சர்வரில் இருந்தால், ஓட்டை விழுந்த விஷயம் ஓனருக்கு முன்பே ஹேக்கருக்குத் தெரிந்துவிடலாம்.

ஆக்டிவேட் செய்வது சுலபம்தான். ரெட் ஹேட் தளத்தில் கணக்கு தொடங்கி, சர்வரில் 'சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ரெஜிஸ்டர்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் போதும்.

தலைவலி அதற்குப் பிறகு. சிறு நிறுவனங்களில் அந்தக் கணக்கு, சர்வரை அமைத்துக் கொடுத்தவரின் சொந்த இ-மெயிலில் இருந்துவிடுவதுண்டு. அவர் வேலை மாறி பெங்களூரு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும் அவரோடு போய்விடும்! நிறுவனத்தின் பொது மெயிலில் கணக்கு தொடங்குங்கள். காலாவதி தேதியை இரண்டு பேராவது போனில் ரிமைண்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ள விரும்பும் தனிநபர்களுக்கு 16 சிஸ்டம் வரை டெவலப்பர் சந்தா இலவசம். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இலவச சென்ட்ஓஎஸ் 7-ஐ இன்னும் ஓட்டுபவர்கள் கவனிக்க: அதற்கான அப்டேட் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டுக்கும் சந்தாவே தேவையில்லை. லினக்ஸ் புதிதென்று தயங்குபவர்களுக்கு, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட் என்ற அமைப்பு புதுச்சேரியிலேயே இருக்கிறது.