தக்காளி சூப்பில் பால் திரியாமலிருக்க...

விருந்தினர் வந்து அமர்ந்திருக்கும் வேளையில், பால் ஊற்றிய தக்காளி சூப் திரிதிரியாகப் பிரிந்துபோய், மனம் நொந்திருக்கிறீர்களா? குறை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. தக்காளியின் புளிப்புப் பட்டதும் பாலிலுள்ள புரதம் திரள்கிறது. சூடு அதனை விரைவுபடுத்துகிறது. காரணம் தெரிந்தால் தடுப்பதும் எளிதே.

தேவையானவை (4 பேருக்கு): பழுத்த தக்காளி அரை கிலோ, வெங்காயம் 1, பூண்டு 3 பல், வெண்ணெய், மைதா தலா 1 மேசைக்கரண்டி, பால் 1 கோப்பை, பாலாடை 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

செய்முறை: தக்காளி, வெங்காயம், பூண்டை நறுக்கி, 1 கோப்பை நீரில் வேகவைத்து, ஆறியபின் அரைத்து வடிகட்டுங்கள். புளிப்பு மிகுந்த நாட்டுத் தக்காளியாயின், சாற்றைச் சூடாக்கி ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா இடுங்கள்; நுரைத்து அடங்கும், புளிப்பும் தணியும். அளவு மிஞ்சினால் சுவை கெடும்.

வேறொரு பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, ஆறிய பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியின்றிக் கிளறுங்கள். இந்த மாவே பாலுக்குக் காவல். கெட்டியானதும் தீயைக் குறைத்து, சூடான சாற்றை அகப்பை அகப்பையாகச் சேர்த்துக் கலக்குங்கள். பாலைச் சாற்றில் கொட்டாதீர்கள். கொதிக்குமுன் இறக்கி, உப்பு, மிளகுத்தூள், கடைந்த பாலாடை சேருங்கள்.

மீந்ததை மறுபடி சூடாக்கும்போதும் கொதிக்க விடாதீர்கள். கடைசிக் கோப்பையும் முதற் கோப்பை போலவே வழவழப்பாக இருக்கும்.